மேல்மண்: சுரங்க ஊரிலிருந்து மெட்ராய்ட் ப்ரைம்

1

துப்பாக்கியை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிற எந்த வீடியோ கேமையும் 'சுடுற கேம்' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவது நம் வழக்கம். மெட்ராய்ட் ப்ரைம் 2002 நவம்பரில் கேம்க்யூபுக்கு வந்தபோது நின்டெண்டோவே இந்தப் பெட்டிக்குப் பயந்து, இதை 'முதல்நபர் சாகசம்' என்று தனிப்பெயர் வைத்து அழைத்தது. விற்பனைத் தந்திரம் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். 2023 பிப்ரவரியில் ஸ்விட்சுக்கு வந்த ரீமாஸ்டர் வடிவத்தை இரண்டு முறை ஆடி முடித்த பிறகு எனக்கு அந்தப் பெயரும் போதவில்லை. இது வாசிப்பைப் பற்றிய கேம். குறிப்பாக, தோண்டப்பட்ட ஒரு நிலத்தை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றிய கேம்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. இந்த கேமின் மிகக் கடினமான பகுதி ஒரு சுரங்கம். அதில் நான் பார்த்ததற்கும், அமெரிக்காவிலோ ஜப்பானிலோ உட்கார்ந்து ஆடியவர் பார்த்திருக்கக்கூடியதற்கும் இடையே நிறைய தூரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தமிழும் வீடியோ கேமும் என்று பேச்சு வந்தால் உடனே எல்லோரும் 'வெண்பா'வைச் சொல்வார்கள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய அந்த சமையல் கேம் அதே 2023இல்தான் வெளிவந்தது. நல்ல கேம். ஆனால் இட்லியும் புட்டும் திரையில் வந்தால்தான் அது நம்முடையது என்று எடுத்துக்கொண்டால், நம் விமர்சனம் 'நம்மைக் காட்டியிருக்கிறார்களா' என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடும். ரஷ்ய நாவலை நாம் அப்படியா வாசிக்கிறோம்? நம் ஊரையும் கூடவே கொண்டுபோய்த்தானே வாசிக்கிறோம். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ரெட்ரோ ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்த வேற்றுக்கிரகக் கதையையும் நான் அப்படித்தான் வாசிக்கப் பார்க்கிறேன்.

2

ஆடாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். சாமுஸ் ஆரன் கூலிக்கு வேட்டையாடும் விண்வெளி வீராங்கனை. 1986இல் வந்த முதல் மெட்ராய்டிலிருந்து அவள்தான் நாயகி. அந்த முதல் கேமின் கடைசியில்தான், கவசத்துக்குள் இருந்தது ஒரு பெண் என்பதே ஆடியவர்களுக்குத் தெரியவந்தது. ப்ரைமில் அவள் 'விண்வெளிக் கொள்ளையர்' என்ற கூட்டத்தைத் துரத்திக்கொண்டு டாலன் 4 என்ற கிரகத்தில் இறங்குகிறாள். அங்கே ஒரு காலத்தில் சோசோ என்ற பறவை முகம் கொண்ட இனம் வாழ்ந்தது. எந்திரங்களை ஒதுக்கிவிட்டு எளிமையாக வாழ வந்தவர்கள். ஒரு விண்கல் விழுந்தது. அதிலிருந்து ஃபேசான் என்ற கதிர்வீச்சுள்ள நீலப் பொருள் நிலத்தில் பரவியது. சோசோக்கள் அதைப் பெருவிஷம் என்றார்கள். விழுந்த இடத்தின்மேல் கோயில் எழுப்பி, 12 புனிதப் பொருட்களால் முத்திரையிட்டு மூடப் பார்த்தார்கள். முடியாமல் அழிந்தார்கள். பிறகு வந்த கொள்ளையர்கள் அதே பொருளைப் பார்த்து, ஆகா, எரிசக்தி என்றார்கள். தோண்ட ஆரம்பித்தார்கள்.

இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. சாமுஸ் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. காதில் கட்டளையிடும் மேலதிகாரி கிடையாது, கதை சொல்லும் குரல் கிடையாது. தலைக்கவசத்தின் கண்ணாடியில் 'ஸ்கேன் வைசர்' என்று ஒரு பார்வை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சுவரையோ கணினித் திரையையோ செத்துக் கிடக்கும் பூச்சியையோ உற்றுப் பார்த்தால் எழுத்து விரியும். பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. கதையே தெரியாமல் கடைசிவரை ஆடி முடிக்கலாம்.

இந்த கேமின் மொத்த அறமும் ஒரு சின்ன விதியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஸ்கேன் வைசர் போட்டிருக்கும்போது சுட முடியாது. சுடும் பொத்தானை அழுத்தினால் பார்வை மாறிவிடும், எழுத்து மறைந்துவிடும். எதிரிகள் சுற்றிவரும் அறையில் மூலையில் ஒரு கல்வெட்டு ஒளிர்வதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், ஒன்று முதலில் சண்டையை முடிக்க வேண்டும், இல்லையென்றால் அடி வாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். நான் பல தடவை அடி வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன். மென்பொருள் எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இரண்டையும் ஒரே நேரத்தில் அனுமதிப்பது தொழில்நுட்ப ரீதியாகக் கஷ்டமே இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து 'வேண்டாம்' என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில் என்கிறது அந்த முடிவு.

3

வாசிக்கக் கிடைப்பவை இரண்டு வகை. முதலாவது, இடிந்த சுவர்களில் சோசோக்கள் விட்டுப்போன பதிவுகள். நிதானமான, சற்றே தீர்க்கதரிசனத் தொனியில் இருப்பவை. தங்கள் நீரைப் பற்றியும், விண்கல் விழுந்ததையும், தாங்கள் மெல்ல மெல்ல மங்கிப்போனதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தாங்கள் வளர்த்த ஒரு குழந்தை ஆயுதத்தோடு திரும்பி வருவாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். சாமுஸ்தான் அந்தக் குழந்தை. அவளை வளர்த்த இனத்தின் இடிபாடுகளில்தான் அவள் இவ்வளவு நேரமும் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது வகை, கொள்ளையர்களின் கணினிகளில் இருக்கும் அலுவலகக் குறிப்புகள். சுரங்கப் பணி எந்த நிலையில் இருக்கிறது, ஃபேசான் ஏற்றப்பட்ட வீரர்களுக்கு என்ன ஆனது, பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எம்.என்.சி.யில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த நடை உடனே பிடிபடும். ஒரு குறிப்பில், சாமுஸின் கவசத்தை நகலெடுக்கும் முயற்சியைப் பற்றி அறிக்கை தருகிறார்கள். அவள் ஒரு பந்தாகச் சுருண்டு சின்ன துளைகளுக்குள் உருண்டு போவாள். அதைத் தங்கள் ஆட்கள்மேல் சோதித்துப் பார்த்ததில் உடல்கள் நொறுங்கிவிட்டன, ஆகவே இந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று முடிகிறது. முதல் தடவை சிரித்தேன். எழுதியவர்களும் சிரிப்பு வர வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். நொறுங்கியவர்களுக்குப் பெயர் கிடையாது, அவர்கள் சோதனையின் முடிவு மட்டும்தான் என்பது அடுத்த தடவைதான் உறைத்தது.

ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு ஆவணக் காப்பகங்கள். ஒன்றில் அது நீரும் முன்னோரும் இருந்த இடம். இன்னொன்றில் அது கையிருப்பு. இரண்டுக்கும் நடுவே எது சரி என்று சொல்ல ஆள் இல்லை, வாசிக்கிறவர்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெய்வேலியைப் பற்றி வாசிக்கிறவருக்கும் இதே கதிதான். ஒரு பக்கம் திட்ட அறிக்கைகள், டன் கணக்குகள், மெகாவாட் கணக்குகள். இன்னொரு பக்கம் ஊரைக் காலி செய்து போன கிழவிகள் சொல்லும் ஏரி, புளியந்தோப்பு, அய்யனார் கோயில். இரண்டும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன என்று நம்புவதற்கே கொஞ்சம் முயற்சி தேவை.

4

டாலன் 4இல் பல நிலங்கள். மழை பெய்துகொண்டே இருக்கும் காடு, மணல் மூடிய சோசோ இடிபாடுகள், தீக்குழம்பு ஓடும் குகைகள், பனிமலை, சுரங்கம், கடைசியாக விண்கல் விழுந்த பள்ளம். மழைக்காட்டில் அண்ணாந்து பார்த்தால் கண்ணாடியில் துளிகள் விழுந்து வழியும். நீராவிக்குள் போனால் கண்ணாடி மங்கும். அருகில் ஏதாவது வெடித்து வெளிச்சம் பாய்ந்தால் ஒரு கணம் உங்கள் கண்ணாடியிலேயே சாமுஸின் முகம் பிரதிபலிக்கும். இவ்வளவு நேரம் நீங்கள் பார்த்தது அவளுடைய கண்கள் வழியாக என்று அப்போது ஞாபகம் வரும்.

ஒவ்வொரு நிலத்துக்கும் தனி உயிரினங்கள், தனிச் செடிகள், தனி இசை. 1994இல் சூப்பர் மெட்ராய்டுக்கு இசையமைத்த கென்ஜி யமமோட்டோதான் இதற்கும் இசை. பனிமலைக்கு வந்ததும் ஒலி அப்படியே குளிர்ந்துபோகிறது. சுரங்கத்தில் மெட்டு என்று முணுமுணுக்க எதுவும் கிடைக்காது, எந்திர ரீங்காரம்தான்.

தமிழ் படித்த யாருக்கும் இங்கே திணை ஞாபகம் வராமல் இருக்காது. தொல்காப்பியம் கருப்பொருள் என்று பட்டியலிடும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றுக்கும் ஒரு நிலத்தை அதன் உயிர்களாலும் ஓசையாலும் அடையாளப்படுத்தும் வேலைதான். சாமுஸின் லாக்புக்கில் சேரும் பதிவுகளும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன. எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று மார்தட்டும் ஒப்பீட்டில் எனக்கு ஆர்வமில்லை. திணை என்ற கருவியால் இந்த கேமைத் திறந்தால், வேறு கருவியால் கிடைக்காத ஒரு விஷயம் கிடைக்கிறது. அது பாலை.

பாலைக்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தங்கள் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் விளக்கம். பாலை என்பது ஓர் இடம் என்பதைவிட ஓர் இடத்துக்கு நேர்வது. மெட்ராய்ட் ப்ரைமின் சுரங்கமும் அப்படித்தான். காடு, இடிபாடு, பனி என்று மற்ற நிலங்களுக்கு இருக்கும் இயற்கை அடையாளம் அதற்குக் கிடையாது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. பாறை, இரும்பு, நீல வெளிச்சம், அவ்வளவுதான். அந்த நிலத்தின் கருப்பொருள் முழுவதும் தொழில் மட்டும். நெய்வேலிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். அது முந்திரிக்காடா, வயலா, ஊரா என்று பள்ளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முல்லை திரிந்ததா மருதம் திரிந்ததா என்ற தடயம்கூட மிஞ்சாத பாலை அது.

5

இனி அந்த சுரங்கத்தைப் பற்றி. ஃபேசான் சுரங்கம்தான் இந்த கேமின் நெஞ்செரிச்சல் பகுதி. இதில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. சேவ் ஸ்டேஷன் என்ற அறையைக் கண்டுபிடித்தால்தான் உண்டு. சுரங்கத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட தூரம். வழியெல்லாம் கொள்ளையர்கள், மேலே துப்பாக்கிகள், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து சுடும் எந்திரம் ஒன்று. முக்கால் மணி நேரம் ஒவ்வோர் அடியாக இறங்கிப்போய், ஒரு தப்பான தாவலில் செத்தால், பழைய அறையிலிருந்து மறுபடி. தரையில் ஃபேசான் படர்ந்திருக்கும் இடங்களில் கால் வைத்தால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ரீமாஸ்டரில் எளிய நிலை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நான் இரண்டு முறையும் சாதா நிலையில்தான் ஆடினேன். இந்தக் கஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. மற்ற நிலங்களில் நீங்கள் சுற்றிப் பார்க்க வந்தவர். சுரங்கத்தில் உங்கள் கவனம் முழுவதும் அடுத்த அறைவரை உயிரோடு போய்ச் சேர்வதற்கே செலவாகிவிடும். வாசிக்கும் நிதானத்தைத்தான் அந்த இடம் முதலில் உங்களிடமிருந்து பறிக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் பகுதியை வீட்டு டிவியில் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் படித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தவர் கேட்டார்:

"ஏம்மா, இது மைன்ஸா?"

"ஆமாப்பா. வேற கிரகத்து மைன்ஸ்."

"தண்ணி எங்க போவுது?"

"எந்தத் தண்ணிப்பா?"

"அவ்ளோ ஆழம் தோண்டிருக்கான். தண்ணி வராமலா இருக்கும்? பம்ப் ஒண்ணுகூடக் காணோம். சரி, வெட்டுன மண்ண எங்க கொட்டுறான்?"

"அதெல்லாம் கேம்ல காட்டலப்பா."

"அப்ப அது என்னா மைன்ஸு?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

இந்த கேமைப் பற்றி நான் கேட்ட மிகக் கறாரான விமர்சனம் இதுதான். அதை விளக்க வேண்டுமானால் நெய்வேலி எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் ஊரின் கதை ஆரம்பிக்கும். 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவே 4 வருடம் வெறும் மண்ணைத்தான் வெட்டினார்கள். கரிப் படிவத்துக்குமேல் பத்துப் பத்து மீட்டர்களாகக் கடினமான கடலூர் மணற்கல் படுத்திருக்கிறது. அதற்கு மேல்மண் என்று பெயர். அதை வெட்ட ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர எந்திரங்கள். சக்கரத்தைச் சுற்றி வாளிகள், பெரிய எந்திரத்தில் ஒரு வாளிக்கு 1400 லிட்டர் கொள்ளளவு. வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் மைல் கணக்கில் ஓடிப்போய் இன்னோர் இடத்தில் மலையாகக் குவியும்.

கரிக்கு மேலே மண் என்றால் கீழே தண்ணீர். படிவத்துக்கு அடியில் இருக்கும் நீர்த்தாங்கி சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் ஒன்றின் எடை கீழிருந்து மேலே முட்டுகிறது. மேலே மண் இருக்கும்வரை அந்த எடை அதை அடக்கி வைத்திருக்கும். மண்ணை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்து வெள்ளமாகிவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ராப்பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி சென்னைக்குக் குடிநீராகவும் போயிருக்கிறது.

ஒரு சுரங்கத்தின் வேலையில் பெரும்பகுதி, தேடி வந்த பொருளுக்குச் சம்பந்தமில்லாதவற்றை அகற்றுவதுதான். மண், தண்ணீர், மரம், வீடு, கடைசியில் மனிதர்கள். மெட்ராய்ட் ப்ரைமின் சுரங்கத்தில் இந்த அகற்றல் இல்லை. கிரேன் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, தாதுவைச் சுத்திகரிக்கும் கூடம் இருக்கிறது, ஆய்வுத் தொட்டிகளில் மிதக்கும் ராட்சத வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் மண்மேடு இல்லை, பம்ப் இல்லை. எவ்வளவோ பொருட்களை ஸ்கேன் செய்யவைத்த கேமில் மேல்மண்ணுக்கு மட்டும் ஒரு பதிவும் கிடையாது. ஃபேசான் தொட்டவுடன் கிடைக்கும் நீல மாணிக்கம் மாதிரி சுவரிலேயே மின்னிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் பொறியியல் குறை, கற்பனைக் கதையில் பம்ப் செட் தேடலாமா என்று கேட்கலாம். ஆனால் வேறு இடங்களில் இந்த கேம் தண்ணீரை இவ்வளவு அலட்சியமாக நடத்துவதில்லை. சோசோ இடிபாடுகளில் நீரெல்லாம் நஞ்சாகியிருக்கும். ஃபேசானால் திரிந்துபோன ஃப்ளாக்ரா என்ற பிரம்மாண்டச் செடி ஒன்றுதான் காரணம். அதை வீழ்த்தியதும் அந்தப் பகுதியின் குளங்கள் தெளிகின்றன. முதலில் குதிக்கப் பயந்த தண்ணீரில் இறங்கி நடக்கலாம். ஒரு விஷம் ஊரின் தண்ணீர் வழியாகத்தான் முதலில் தன்னைக் காட்டும் என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சுரங்கத்துக்கு வரும்போது மட்டும் மறந்துவிட்டார்கள்.

6

அப்பாவின் கேள்விக்குப் பிறகும் இந்த கேமை நான் விட்டுவிடாததற்கு ஒரு காரணம், சுரங்கத்தின் கடைசியில் கிடைக்கும் கவசம்.

மெட்ராய்ட் வகை கேம்களின் இலக்கணம் இது: வழியில் ஒரு தடை இருக்கும், அதைக் கடக்கும் கருவி வேறெங்கோ இருக்கும், அதை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். தீக்குகைக்கு வெப்பம் தாங்கும் கவசம், தண்ணீருக்கடியில் நடக்க இன்னொரு கவசம். ஃபேசான் தரையில் நடக்க என்ன வேண்டும்? சுரங்கத்தின் அடியில் ஒமேகா பைரேட் என்ற ஃபேசான் ஏற்றப்பட்ட ராட்சதனோடு சண்டை. அவன் தோற்று, சாமுஸின் மேலேயே சரிந்து விழுகிறான். அவன் உடல் கரைந்து அந்த நீல விஷம் அவள் கவசத்துக்குள் ஊறிவிடுகிறது. கவசம் கறுக்கிறது. இனி அந்தத் தரை அவளைச் சுடாது. பரிசு என்று கேம் இதைத்தான் கொடுக்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். கடைசி எதிரியை எந்த ஆயுதமும் தொடாது. அதன் உடலிலிருந்து சிந்தும் ஃபேசான் குட்டைகளில் போய் நின்று, அந்த விஷத்தையே கைத்துப்பாக்கிக்கு இழுத்துச் சுட்டால்தான் அதற்கு வலிக்கும். கொள்ளையர்கள் எந்தப் பொருளுக்காக எல்லாவற்றையும் செய்தார்களோ, அந்தப் பொருளை உடம்பில் ஏற்றிக்கொள்ளாமல் இந்தக் கதையை முடிக்க வழியே இல்லை. சுத்தமான கையோடு வெளியேறும் வாசலை ரெட்ரோ ஸ்டூடியோஸ் வைக்கவில்லை.

டவுன்ஷிப்பில் வளர்ந்த எனக்கு இது உவமையாகத் தோன்றவில்லை. 2008 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் விளக்கணைந்து படிப்பு நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் தோழிகள் எந்நேரம் கரண்ட் போகும், எந்நேரம் வரும் என்று அட்டவணை சொல்வார்கள். அவர்களில் சிலரின் தாத்தாக்கள் நிலம் கொடுத்தவர்கள். வேப்ப மரம் வரிசையிட்ட அகலத் தெரு, எண் போட்ட ப்ளாக்குகள், நூலகம், ஜூலையானால் புத்தகக் கண்காட்சி, இன்ஜினியரிங் ஃபீஸ், பிற்பாடு நான் கோடு எழுதிப் பழகிய கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து வந்தவை. சுரங்கத்தை எதிர்த்து நான் எழுதக்கூடிய வாக்கியத்தின் இலக்கணம்கூட அங்கிருந்து வந்ததுதான். இதைக் குற்றவுணர்ச்சியாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஃபேசான் கவசம் அந்த நிலையை ஒரு வசனம்கூட இல்லாமல் காட்டிவிடுகிறது. நம் சூழலியல் கவிதைகள் பலவற்றில் பேசுகிறவர் எப்போதும் வெளியே நிற்கும் நல்லவராக இருக்கிறார். அவர் வீட்டு ஃபேன் எதில் ஓடுகிறது என்ற கேள்வி கவிதைக்குள் வருவதில்லை. இந்த கேம் அந்தக் கேள்வியை ஆடுகிறவரின் உடம்பிலேயே போட்டுவிடுகிறது.

7

இவ்வளவு தூரம் வந்த கேம் முடிவில் பின்வாங்கிவிடுகிறது என்பது என் குறை.

கடைசிச் சண்டையில் எதிரி சாமுஸின் கவசத்திலிருந்த ஃபேசானையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. அவள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுகிறாள். பள்ளம் வெடிக்கிறது, கோயில் சரிகிறது. தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கப்பலேறிப் போகிறாள். பத்துப் பதினைந்து மணி நேரம் நம்மை விஷத்துக்குப் பழக்கியவர்கள், ஒரு நிமிடத்தில் குளிப்பாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் 12 புனிதப் பொருட்களைத் தேடி ஏற்கெனவே போன இடங்களுக்கெல்லாம் மறுபடி ஓடவிடும் நீட்டலைப் பலரும் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. நிலத்தை இன்னொரு தடவை பார்க்கவைக்கிறது. புகார் அந்தக் குளியல்மேல்தான்.

இதற்கு வேர் கதையின் அடிப்படையிலேயே இருக்கிறது. விஷம் வானத்திலிருந்து விழுந்தது. அதை விரும்பியவர்கள் 'கொள்ளையர்கள்'. பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த தீமை, அதை ஆசைப்பட்ட தீயவர்கள், வந்து முடித்துவைக்கும் வீராங்கனை. ஆனால் நிஜச் சுரங்கத்தில் பொருள் வானத்திலிருந்து விழுவதில்லை, அது எப்போதும் காலுக்குக் கீழேதான் இருந்தது. தோண்டுகிறவர்கள் கொள்ளையர்களும் இல்லை. ஷிப்டு பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நிற்கும் பக்கத்து வீட்டு மாமா, நிரந்தரம் ஆகிவிடுவோம் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, புதிய நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று உண்மையாகவே நம்பிய பிரதமர். யாரும் வில்லன் இல்லாமலே ஒரு நிலம் பாலையாகும்.

ரீமாஸ்டர் வெளிவந்த அதே 2023இல், ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுவதற்காக. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் பக்கம். விதைத்த பயிரை அறுக்கவாவது விட்டிருக்கக்கூடாதா என்பது விவசாயிகளின் பக்கம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. பச்சை வயல் நடுவே மஞ்சள் எந்திரங்கள் நிற்கும் அந்தப் படங்களை நீங்களும் ஃபோனில் பார்த்திருப்பீர்கள். மேல்மண் என்பதன் பொருள் அந்தப் படத்தில் இருந்தது. கரியை எடுக்க மண்ணை எடுக்க வேண்டும், மண்ணை எடுக்க ஆற்றை நகர்த்த வேண்டும், ஆற்றை நகர்த்த யாருடைய வயலாவது வேண்டும். இந்தச் சங்கிலியில் கடைசி பாஸ் கிடையாது. எதைச் சுட்டாலும் குளம் தெளியாது.

மெட்ராய்ட் ப்ரைம் இந்தச் சங்கிலியைக் காட்டவில்லை. 2002இல் ஒரு பொழுதுபோக்கு கேமிடம் அதை எதிர்பார்ப்பது அதிகம் என்று சொல்லலாம். ஆனால் எதிர்பார்ப்பை உயர்த்தியது அந்த கேம்தான். இரண்டு காப்பகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறுத்தி, வாசி என்று சொன்னது அதுதான். சொன்ன பேச்சைக் கேட்டு வாசித்தவர்களுக்கு அந்த முடிவு போதாது.

8

ஆக, ஆடலாமா? கண்டிப்பாக ஆடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் வழி தெரியாமல் எரிச்சல் வரும், சுரங்கத்தில் கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும். யூட்யூபில் வழி பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. எங்கே போக வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நீங்களே வாசியுங்கள்.

சுரங்கத்துக்கு வந்ததும், சண்டை ஓய்ந்த ஓர் அறையில் ஸ்கேன் வைசரைப் போட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கணினி ஒளிரும், கதவு ஒளிரும், செத்துக் கிடப்பவன் ஒளிர்வான். நடுவில் இருக்கும் பாறை மட்டும் இருட்டாகவே இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. அந்த இருட்டுப் பகுதியில் என்ன எழுதலாம் என்பது, கேம் செய்ய ஆரம்பித்திருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் வேலை. கடலூர் மாவட்டத்தில் அதற்குத் தகவல் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். பம்ப் எங்கே வைக்க வேண்டும் என்று என் அப்பா சொல்வார்.